பக்கத்தில் நின்று பிழை திருத்துகிறவர்

"பெரியாக்களுக்குப் படிப்பிக்கிறது லேசு அன்ரி. அவை தாங்களா விரும்பித்தானே வருகினம்" என்று உங்களில் ஒருவர் போன சந்திப்பில் சொன்னார். யார் என்று சொல்ல மாட்டேன். வேலை ஸ்பிரிங்வேலில் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அப்போது சிரித்துக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டேன். வாயால் சொல்லியிருந்தால் இரண்டு வசனத்தில் ஏசிவிட்டுப் போயிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் வயது வந்தவர்களின் வகுப்புகளை ஒழுங்கு செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஒருவர் ஸ்பிரிங்வேல் நூலகத்தில் ஆங்கில வகுப்பு, ஒருவர் கிரெய்கிபர்னில் குடியுரிமைத் தேர்வுக்கு ஆயத்தம், ஒருவர் பிளாக்டவுனில் அம்மாமாருக்குக் கணினி. அறை பிடிப்பது, ஆசிரியரைத் தேடுவது, பொலிஸ் சான்றிதழ் வாங்குவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதப் போவதில்லை. கைப்பேசியில் தேடினாலும் பதில் கிடைக்காத நேரங்கள் இந்த வேலையில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறும் வரை மெல்பேணில், கோல்ஃபீல்ட் பக்கம் உள்ள ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில் வேலை செய்தேன். ஷூல் என்று அவர்கள் சொல்வார்கள். அங்கே பெரியவர்களின் கல்விக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். "ஒரு சைவசமயக்காரிக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்காத தமிழர் இந்த நகரத்தில் குறைவு. வேலை கிடைத்த அன்று என் கணவரே கேட்டார்.

"திருநீறும் பூசிக்கொண்டோ போகப்போறீர்?"

"ஓம். பொட்டும் வைச்சுக்கொண்டுதான்."

அப்படியேதான் போனேன். நேர்முகத்தில் அங்கிருந்த ரபி, அதாவது அந்தச் சமூகத்தின் குரு, என்னைவிட வயதில் இளைய பெண், இரண்டே கேள்விதான் கேட்டார். எங்கள் சமயம் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். தெரிந்ததுபோல நடிப்பீர்களா என்றார். மாட்டேன் என்றேன். மற்ற மூன்று விண்ணப்பக்காரர்களும் நடித்திருக்க வேண்டும்.

அங்கே எல்லோரும் பேசியது ஆங்கிலம். ஆனால் என் மனதில் அது நம்முடைய பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது. ஆகவே இனி வரப் போகிற, உக்ரேனின் ஒடெசாவில் பிறந்த பெண்மணி யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாரே என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

நம்முடைய வீடுகளில் படிப்பு என்றால் டொக்டர், எஞ்சினியர், அதற்குப் பிறகு கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு ஒருவர் புத்தகம் திறந்தால் வேலை போய்விட்டதோ என்று அயலட்டை விசாரிக்கும். அங்கே அப்படியில்லை. எண்பது வயதுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வருவார். பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை, படித்து முடிப்பதும் இல்லை. படிப்பதே அவர்களுக்கு வழிபாட்டின் ஒரு பகுதி. இதைப் பார்த்த முதல் மாதம் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பொறாமையோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். அவர்களின் குசினிக்குள் வெளிச் சாப்பாடு நுழையக் கூடாது. இறைச்சியும் பாலும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. நான் ரோல்ஸை வைக்க நினைத்திருந்ததோ பால் தேநீருக்குப் பக்கத்தில். வாசல் காவலாளி என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை உள்ளே கொண்டுபோனால் குண்டைவிடப் பெரிய பிரச்சினை" என்றார். அவ்வளவையும் அவரும் அவருடைய நண்பர்களும் கார் தரிப்பிடத்தில் நின்று சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் காவலாளி எனக்கு உயிர் நண்பர். ஒரு சமூகத்துக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் முதலில் கேளுங்கள். இதற்குமேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

அடுத்ததுதான் முக்கியம். அவர்கள் தனியாகப் படிப்பதில்லை, இரண்டு இரண்டு பேராகப் படிப்பார்கள். ஒரு புத்தகம், எதிரெதிரே இரண்டு கதிரை. ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் மறுக்க வேண்டும். மறுக்காவிட்டால் படிக்கவில்லை என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தராத காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் அறையிலிருந்து பயங்கரச் சத்தம் வந்தது. மேசையில் குத்துகிறார்கள். இரண்டு பெரியவர்கள் அடிபடப் போகிறார்கள் என்று நினைத்து இரண்டு கோப்பை தேநீரோடு ஓடினேன். "ஐயோ, தயவு செய்து" என்று நடுவில் போய் நின்றேன். இரண்டு பேரும் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே, மத்தியானத் தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

ரபி என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் ஓடினீங்கள்?"

"சண்டை பிடிக்கினம் எண்டு நினைச்சன்."

"சத்தம் கேட்டா வரத் தேவையில்லை. சத்தம் நிண்டா வாங்கோ."

இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு யாரும் சொன்ன புத்திமதிகளில் இதற்கு மேல் ஒன்றுமில்லை. உங்கள் வகுப்பிலும் முணுமுணுப்பும் எதிர்க்கேள்வியும் இருக்கும் வரை கவலைப்படாதீர்கள். ஒரு கற்பவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டத் தொடங்கினால் அவர் வீட்டுக்குப் போக ஆயத்தமாகிவிட்டார் என்று வையுங்கள்.

இனி லாரிசாவிடம் வருகிறேன்.

லாரிசா ஒடெசாவில் பாலங்கள் கட்டும் பொறியியலாளராக இருந்தவர். சோவியத் நாடு உடைந்த பிறகு மகளோடு மெல்பேணுக்கு வந்தார். இங்கே அவருடைய பட்டத்தை யாரும் கேட்கவில்லை. உடுப்புத் திருத்தும் கடையில் வேலை செய்து மகளை வழக்கறிஞராக்கினார். எழுபதை நெருங்கும்போது என் அலுவலகத்துக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"என்ர பழைய பாஸ்போட்டில யூதர் எண்டு எழுதியிருந்தது. அதால எனக்குப் பல்கலைக்கழகத்தில ரெண்டு தரம் இடம் கிடைக்கேல்லை. ஆனா யூதர் எண்டா என்னெண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. அப்பா வாய்க்குள்ள ஏதோ முணுமுணுப்பார், நான் வந்தா நிப்பாட்டிப்போடுவார். எனக்குத் தோரா வாசிக்க வேணும். சபைக்கு முன்னால, ஒருக்கா."

தோரா என்பது அவர்களின் வேதம். சபையில் அதைத் தோல் சுருளிலிருந்து வாசிப்பார்கள். அந்தச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான் இருக்கும். உயிர் ஒலிகளுக்குக் குறி இல்லை, ராகத்துக்குக் குறி இல்லை, வசனம் எங்கே முடிகிறது என்பதற்குப் புள்ளியும் இல்லை. எல்லாக் குறிகளும் உள்ள அச்சுப் புத்தகத்தில் மாதக்கணக்காகப் பழகிவிட்டு, சபையில் அந்த மொட்டை எழுத்தைப் பார்த்து ராகத்தோடு வாசிக்க வேண்டும். பதின்மூன்று வயதில் சபைக்கு முன் முதன்முதலாக வாசிக்கும் பிள்ளைகளே ஒரு வருடம் பழகித்தான் செய்வார்கள். லாரிசாவுக்கு ஹீப்ரு எழுத்தே தெரியாது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழியை என் கணவர் அன்றிரவுச் சாப்பாட்டோடு பரிமாறினார். அவர் ஐம்பதுக்குப் பிறகு கார் ஓட்டப் பழகியவர் என்பதை நினைவுபடுத்தினேன். சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டார்.

லாரிசாவுக்குச் சோடி தேட வேண்டியிருந்தது. அவர் வாய் கொஞ்சம் கூர்மை. முதல் சோடி இரண்டு கிழமையில் ஓடிவிட்டார், இரண்டாமவர் ஒரே கிழமையில். அதே நேரம் சோடியில்லாமல் இன்னொருவர் இருந்தார். மொரிஸ், எண்பதைத் தாண்டியவர், மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஷூலில் யார் சுருளை வாசித்தாலும் பக்கத்தில் அச்சுப் புத்தகத்தோடு ஒருவர் நின்று, பிழை வந்த உடனேயே உரத்துச் சரியான சொல்லைச் சொல்ல வேண்டும். வாசிப்பவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகலாம். அது அவர்களுடைய வழக்கம். அந்த இடத்தில் பல வருடமாக நின்றவர் மொரிஸ். ரபியைத் திருத்தியிருக்கிறார், வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியரைத் திருத்தியிருக்கிறார், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் குரல் உடையும்போதும் விடமாட்டார். "மருந்துச் சீட்டில ஒரு எழுத்து மாறினா ஆள் செத்துப்போகும்" என்பார். இது மருந்துச் சீட்டில்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

நான் இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் விட்டேன். நிர்வாகக் குழுத் தலைவர், பாவம், நல்ல மனிதர், என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு அவையில ஏதும் கோவமோ?"

கோபமில்லை. இரண்டு பேரும் பிழையைச் சகிக்காதவர்கள் என்று எனக்குப் பட்டது, அவ்வளவுதான். சோடி சேர்க்கும்போது குணம் பொருந்துகிறதா என்று பார்க்காதீர்கள், அது கல்யாணத் தரகருடைய வேலை. இரண்டு பேருக்கும் எது முக்கியம் என்று பாருங்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்த அறையிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பை நான் மாடிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மற்றவர்கள் முறையிட்டார்கள், நான் அசையவில்லை. லாரிசா எழுத்துப் படித்தார், சொல் படித்தார், ராகம் படித்தார். ஒரு வருடத்துக்கு மேல் போனது. நாள் குறித்தோம். பேரப்பிள்ளைகளும் வருவதாக இருந்தது.

நாள் நெருங்கிய நேரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அறையில் சத்தமில்லை.

நான் போனேன். லாரிசா சுவரைப் பார்த்தபடி இருந்தார். மொரிஸ் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். "மூண்டாவது வரியில நிண்டுபோறா. நாக்கு எழும்புதில்லை. நான் ஒண்டும் சொல்லக்கூட இல்லை" என்றார். அவரை வெளியே போய் இருக்கச் சொல்லிவிட்டு, அவருடைய கதிரையில் நான் இருந்தேன்.

"எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ லாரிசா. எனக்கு ஹீப்ரு ஒரு சொல்லும் தெரியாது. நீங்கள் பிழை விட்டாலும் எனக்குத் தெரியப் போறதில்லை."

அவர் வாசித்தார். ஒரே மூச்சில் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். அந்த ராகம் அவருடைய கரகரத்த குரலுக்கு நன்றாகப் பொருந்தியது. நான் கைதட்டினேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிப் போனார். எனக்கோ பெரிய கெட்டித்தனம் செய்த நினைப்பு. திருத்துகிற ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அவருக்கு வரும் என்று கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா!

அந்தச் சனிக்கிழமை காலை. வாசலில் என் காவலாளி நண்பர் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபம் நிறைந்துகொண்டிருந்தது. தொழுகை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். தலைவர் என்னை ஒரு பக்கம் அழைத்துப் போனார். கூடவே லாரிசாவின் மகள் சோனியா. நீதிமன்றத்தில் யாருக்கும் பயப்படாத பெண், அன்றைக்கு முகம் வெளிறியிருந்தது.

"அம்மா ஒரு கிழமையா நித்திரை கொள்ளேல்லை. நடுவில ஆரும் குரல் குடுத்தா அதிலேயே நிண்டுபோவா. இவ்வளவு சனத்துக்கு முன்னால, பிள்ளையளுக்கு முன்னால. பிளீஸ். இண்டைக்கு மட்டும் ஆரும் திருத்த வேண்டாம். பிழையோ சரியோ, அவ வாசிச்சு முடிக்கட்டும்."

"பிழை விட்டா ஆருக்கு என்ன நட்டம்?" என்றார் தலைவர். "ரபி சரியெண்டா செய்யலாம். ரபி உங்களைத்தான் கேக்கச் சொன்னவ. லாரிசாவைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமாம்."

ரபி இப்படித்தான். கொள்ளிக்கட்டையை மெதுவாக நம் கையில் தந்துவிட்டுத் தொழுகைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்விடுவார்.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சோனியா சொன்னது சரி என்றுதான் நினைத்தேன். சபையில் வைத்து வயதானவரைத் திருத்துவது எங்கள் ஊர் வழக்கில் மரியாதை இல்லை. அதோடு அந்தச் செவ்வாய்க்கிழமை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், திருத்த ஆளில்லாவிட்டால் லாரிசா தண்ணீர்போல வாசிப்பார். சரி என்று தலையாட்டினால் எல்லோருக்கும் நிம்மதி. லாரிசாவுக்குத் தெரியவும் போவதில்லை.

இந்தக் கடைசி எண்ணம்தான் என்னை உறுத்தியது. ஒருவருடைய படிப்பைப் பற்றி அவருக்குத் தெரியாமல் ஒரு முடிவை எடுத்து, அது அவருக்குத் தெரியவும் கூடாது என்று நினைக்கிறேன் என்றால் எங்கேயோ கோணல் இருக்கிறது. மறுபக்கம், இப்போது போய்க் கேட்டு அவர் இன்னும் கலங்கிப்போனால்? ஒரு வருடத்து உழைப்பும், எழுபது வருட ஆசையும் என் வாயால் கெடும். அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

"அவவைக் கேப்பம்" என்றேன்.

"இப்பவோ?" சோனியா என் கையைப் பிடித்துவிட்டார். "அன்ரி, பிளீஸ்." அன்ரி என்று கூப்பிட என்னிடம்தான் பழகியிருந்தார். அவருடைய கையை மெதுவாக எடுத்துவிட்டுப் போனேன்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் லாரிசா சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புதுத் தொழுகைச் சால்வை மடியில் கிடந்தது. கதவைச் சாத்தினேன். இப்படி நேரத்தில் சுற்றி வளைத்துப் பேசக் கூடாது. பயந்தவருக்கு நீட்டி முழக்கும் பேச்சு இன்னும் பயத்தைக் கொடுக்கும்.

"லாரிசா, நீங்கள் வாசிக்கேக்க ஆரும் திருத்த வேண்டாம் எண்டு சிலர் கேக்கினம். உங்களுக்கு எப்பிடி வேணும்?"

கோப்பையை வைத்தார்.

"ஆர் கேட்டது?"

"உங்களில அன்புள்ள ஆக்கள்."

"அன்புள்ள ஆக்களைப் பிறகு கவனிக்கிறன்" என்றார். முகம் சிவந்துவிட்டது. கெடுத்துவிட்டாயடி என்று நான் என்னையே ஏசிக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கு உங்களுக்கு வாசிச்சுக் காட்டினன். ஒரு இடத்திலயும் நிக்கேல்லை. நீங்கள் கை தட்டினீங்கள். வீட்ட போய் அழுதன், தெரியுமோ? அது வாசிச்ச மாதிரியே இருக்கேல்லை. சுவருக்குப் பாடின மாதிரி இருந்தது." சால்வையை எடுத்து உதறினார். "ஒடெசாவில நான் போட்ட ஒவ்வொரு கணக்கையும் மூண்டு பேர் சரிபார்ப்பினம். எனக்குக் கோவம் வரும். ஆனா கட்டப் போற பாலத்தின்ர கணக்கைத்தான் சரிபார்ப்பினம். கட்டாத பாலத்துக்கு ஆர் சரிபார்க்கப் போகினம்? மொரிஸை என்ர வலப்பக்கம் நிக்கச் சொல்லுங்கோ. வாயை மூடிக்கொண்டு நிக்கிறதெண்டா வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

மொரிஸைத் தேடினேன். அவருடைய வழக்கமான இடத்தில் அவர் இல்லை. கடைசி வரிசையில், கோட்டுகள் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். தலைவர் எனக்கு முன்பே அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"அவவின்ர மகள் கேட்டது நியாயம்" என்றார் என்னைப் பார்க்காமல். "ஆனா பிழையைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில நிண்டு சும்மா இருக்க எனக்கு ஏலாது. அது பொய். அதுதான் இங்க வந்து இருக்கிறன். வேற ஆரும் நிக்கட்டும்."

"அவ உங்களைத்தான் கேக்கிறா. வாயைத் திறக்கிறதெண்டா வரட்டாம்."

அந்த மனிதர் எழும்பின வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எண்பது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கைத்தடியைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

சோனியாவிடம் போய், "அம்மா திருத்தச் சொல்லிப்போட்டா" என்றேன். அவர் திரும்பித் தன் இருக்கைக்குப் போனார். என்னை மன்னிக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. அதையும் தாங்கிக்கொண்டு நிற்கப் பழகுங்கள். சரியானதைச் செய்த உடனே யாரும் உங்களைக் கட்டிப்பிடிக்கப் போவதில்லை.

லாரிசா மேடைக்கு ஏறினார். சுருளை விரித்தார்கள். எழுத்தில் விரல் படக் கூடாதென்பதால் சின்ன வெள்ளிக் கோலால் தொட்டுக் காட்டித்தான் வாசிப்பார்கள். இடப்பக்கம் ரபி, வலப்பக்கம் புத்தகத்தோடு மொரிஸ். தொடங்கினார். முதல் இரண்டு வரியும் நன்றாகப் போனது. மூன்றாவது வரியில் ஒரு சொல்லைச் சொன்னார்; உடனே நின்றுவிட்டார்.

சோனியா பாதி எழும்பிவிட்டார். தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். நாக்கு எழும்பவில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமைபோல நின்றுபோனார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். மொரிஸின் வாய் திறந்திருந்தது. சொல் வரவில்லை. ரபியையும் பேராசிரியரையும் விடாத மனிதர், சோனியா எழும்புவதைப் பார்த்துத் தயங்குகிறார்.

அப்போது லாரிசா தலையைத் திருப்பி மொரிஸைப் பார்த்தார். வெள்ளிக் கோல் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடைச் சாமானுக்கு மிச்சக் காசு வாங்காமல் போக மாட்டேன் என்று நிற்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நின்றுபோகவில்லை. பிழை விட்டது அவருக்குத் தெரியும், அவருக்குரிய திருத்தத்துக்காகக் காத்திருக்கிறார்.

மொரிஸ் சொல்லைச் சொன்னார். லாரிசா அதைத் திரும்பச் சொன்னார், முதலில் சொன்னதைவிட உரத்து. பிறகு போனார். அதற்குப் பிறகு இன்னோர் இடத்தில் பிழை வந்தது. இந்த முறை மொரிஸ் தயங்கவில்லை, வழக்கமான மருந்துக்கடைக் குரலில் முழங்கினார். யாரோ சிரித்தார்கள், லாரிசாவும் சிரித்துக்கொண்டே திருத்திச் சொன்னார். முடிக்கும்போது அவருடைய குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை கேட்டது. பேரப்பிள்ளைகள் வழக்கப்படி மென்மையான இனிப்புகளை எடுத்து அம்மம்மாவின் மேல் எறிந்தார்கள். ஒன்று மொரிஸின் மண்டையில் பட்டது. நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

ஆனால் நன்றாக முடிந்ததால்தான் நான் செய்தது சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லாரிசா மூன்றாவது வரியிலேயே உடைந்து அழுதுகொண்டு இறங்கியிருந்தாலும் அவரைக் கேட்டது சரிதான். அப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அதுதான் வித்தியாசம். பெரியவர்கள் நம்மிடம் வருவது பாராட்டு வாங்க என்று நினைத்துவிடுகிறோம். வயது போகப் போகப் பாராட்டு தாராளமாகக் கிடைக்கும். கையெழுத்துப் போட்டாலே கைதட்டுவார்கள். யாரும் அவர்களைத் திருத்த மாட்டார்கள். அங்கேதான் மனிதர்கள் அவர்களைக் கணக்கில் எடுப்பதை நிறுத்துகிறார்கள். உங்கள் வகுப்பில் எழுபது வயது அம்மா ஒருவர் ஆங்கிலத்தைப் பிழையாகச் சொன்னால் சிரித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அது இரக்கம், அவருக்கு அது கதவைச் சாத்துவது. எப்படித் திருத்த வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே கேளுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன் லாரிசா என் அலுவலகக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். பின்னால் மொரிஸும் வந்தார்.

"எனக்கு வேற சோடி வேணும்" என்றார் லாரிசா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன், என்ன நடந்தது?"

"நான் விட்டது மூண்டு பிழை. வீட்ட போய் ஒவ்வொரு சொல்லா நினைச்சுப் பார்த்தன். இவர் திருத்தினது ரெண்டு. கடைசி வரியில ஒண்டை விட்டிட்டார். கேளுங்கோ, ஏனெண்டு கேளுங்கோ."

ரபியும் அதைக் கேட்டிருக்கிறார். பொருள் மாறாத சின்னப் பிழை, விட்டால் குற்றமில்லை என்று பிறகு அவரே எனக்குச் சொன்னார். ஆனால் மொரிஸ் அப்படிச் சொல்லி ஒருநாளும் யாரையும் விட்டவரல்ல. அவர் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேணுமெண்டு விடேல்லை" என்றார். "கடைசி வரியில எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. புத்தகத்தில ஒரு எழுத்தும் தெரியேல்லை."

லாரிசா அவரைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். பிறகு அந்தக் கூர்வாய்க்காரி தன் கைப்பையைத் திறந்து ஒரு கைலேஞ்சியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கண்ணைத் துடைச்சுப்போட்டு வந்து இருங்கோ" என்றார். "அடுத்த பகுதி நீளம்."